கருவாடும் அரபுத்தமிழ் எழுத்தும்

ஒக்டோபர் 7, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. மொட்டைமாடியில் காய்ந்த உடுப்பெல்லாம் திரும்ப ஈரம். வெள்ளவத்தையில் குடை விற்பவனுக்கு மட்டும் சந்தோஷம்.

குழுவிடமிருந்து மின்னஞ்சல். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் கணினி எண் கொடுப்பவர்கள். எண் இல்லாத எழுத்தைப் போனில் தட்ட முடியாது. முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழ் எழுதும் அரபுத்தமிழில் ஓர் எழுத்துக்கு இன்னும் எண் இல்லை. அதைக் கேட்டு விண்ணப்பித்தவள் நான். பதில்: நீங்கள் கேட்கும் எழுத்தும் ஏற்கெனவே உள்ள ஒன்றும் ஒரே மாதிரித் தெரிகின்றன. திங்களுக்குள் தெளிவான சான்று வராவிட்டால் நிராகரிப்பு.

ஒரே மாதிரியா? கண் தெரியாதா இவர்களுக்கு? கொதித்துக்கொண்டு, சான்றாக அனுப்பிய படங்களைத் திறந்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தின் கீழே இருக்கவேண்டிய புள்ளிகளைக் காணோம். படம் பிடித்தது அரபுத்தமிழில் ஓதும் பழைய புத்தகம், எங்கும் பூச்சி அரித்த ஓட்டைகள். தூசி நீக்கும் மென்பொருளில் போட்டுத் துடைத்தது நான்தான். ஓட்டையோடு புள்ளியும் போயிற்று. மூலப் படங்கள்? கணினியில் இடமில்லை என்று அழித்தாயிற்று. எழுத்துரு செய்வது என் தொழில், வெட்கக்கேடு.

இவர்: "ஒரு புள்ளிக்கு ஏனப்பா இந்தப் பாடு? வந்து சாப்பிடும்."

8, புதன்
நஸ்ரீனா ராத்தாவுக்குப் போன். அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள், நானும் அப்படியே. கிராண்ட்பாஸில் தையல்காரி. புத்தகம் அவர் வீட்டில்தான்.

"வெள்ளிக்கிழம வாங்க தங்கச்சி. ஓதுற நேரம்தான் திறக்கிற. சும்மா திறக்கமாட்டோம்."

வெள்ளி என்றால் காணும், கெடு திங்கள்தானே.

வாங்க: பாண், பருப்பு, மெமரி கார்ட். மெமரி கார்ட்!!

10, வெள்ளி
பஸ்ஸில் நின்றே போனேன். ந. ராத்தாவின் முன் அறையில் அந்த ஒழுங்கையில் குடியிருக்கும் பெண்கள் எல்லாரும். ஓதத் தொடங்கினால் நடுவில் பக்கம் தாண்டுவதில்லையாம். எனக்கு வேண்டிய பக்கம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். வுளு இல்லாமல், அதாவது தொழுகைக்குப்போல முகம் கைகால் கழுவாமல், புத்தகத்தைத் தொடக்கூடாது, ஆகவே கமராவோடு ஒரு மூலையில். கண்ணுக்கு அரபு, காதுக்கு நல்ல தமிழ். புல்லரித்தது. என் மொழி வேறு உடுப்பில் எவ்வளவு கம்பீரம்!

பக்கம் வந்தது. அந்த எழுத்தின் கீழேயே பூச்சி துளைத்திருக்கிறது. எது புள்ளி, எது ஓட்டை? எனக்கே சந்தேகம். இனி குழு எங்கே நம்பப்போகிறது. அழுகை வந்துவிட்டது.

ஓதி முடிய ந. ராத்தா கேட்டார். "ஏன் தங்கச்சி, மொகம் வாடிட்டு?"

"இந்த எழுத்து வேற எங்கயும் தெளிவா இல்லையே, ராத்தா."

"ஏன் இல்லாம? இந்தா ஈக்கே." போனை நீட்டினார். நேற்று தெஹிவளையில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பிய படம். தையல் அளவு எழுதும் தாளில், நீலப் பேனையால், அரபுத்தமிழில்: நாளைக்கு வரக்குள்ள கருவாடு கொண்டு வாங்க. அதே எழுத்து. புள்ளிகள் பளிச்சென்று. போனில் தட்ட முடியாததால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புவார்களாம், இரண்டு பேரும், தினமும்.

"இதை ஏன் முந்தியே காட்டேல்ல?"

"நீங்க பழசு தானே கேட்டீங்க."

அந்தப் படத்தை எனக்கும் அனுப்பச் சொன்னேன்.

13, திங்கள்
அனுப்பியாயிற்று. சான்று ஒன்று, புத்தகம். சான்று இரண்டு, கருவாடு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். "இன்றும் அன்றாடப் புழக்கத்தில் உள்ளது" என்று எழுதும்போது எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

இவர்: "கருவாட்டையும் அனுப்பிட்டீரோ?"

"ஓம்."

22, புதன்
வெயில். இடியப்ப மாவு முடிந்துவிட்டது. காஸ் சிலிண்டரும் முடியப்போகிறது.

ஏற்றுக்கொண்டார்கள்!! நான் கத்திய சத்தத்தில் பக்கத்து ஃபிளாட் கதவு திறந்தது. புத்தகத்தைப் பற்றிக் குழு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கையெழுத்துச் சான்றே போதுமாம். கருவாடு வென்றது. இவ்வளவு பெருமையாக நான் இருந்ததே இல்லை.

உடனே ந. ராத்தாவுக்குப் போன். "ராத்தா, உங்கட எழுத்தை ஏற்றுக்கொண்டிட்டாங்கள்!"

தையல் மெஷின் நின்றது. "அல்ஹம்துலில்லாஹ். அப்ப இண்டைக்கே போன்ல அடிக்கேலுமா?"

"இல்ல ராத்தா. எல்லாப் போனுக்கும் வந்துசேர ஒண்டு ரெண்டு வருசம் ஆகும்."

"பரவால்ல. அது வார வரைக்கும் நாங்க தாள்ல எழுதிக்கிட்டுத்தானே ஈப்போம்."