காற்று முதலா, மழை முதலா

அன்பு மகள் ரோகினிக்கு,

செனாவாங்கிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், வீட்டுக்கும் இப்போது பெரிய குறையில்லை. அங்கே அந்த டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். வாட்சப் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், நான் ஒன்று சொன்னால் அவர் மூன்று திருத்துகிறார். புயலில் கூரை போன கதையை நீ அவர் வாயால்தான் கேட்டிருக்கிறாய், அதில் அவர்தான் வீரர். நடந்தது வேறு. பக்கத்து ஊர் ராசாவிலிருந்து உங்கள் ஊருக்குப் படிக்கப் போகிற ஒரு பெண்ணிடம் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வானம் கறுத்ததும் நான் வாசலில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனேன். அதற்குள் காற்று வந்துவிட்டது. முன்கூரை ஓடுகள் சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரி எழும்பின, பின்னால் சமையலறைத் தகரம் அப்படியே பறந்து பக்கத்து வீட்டு நஜிமுதீன் காரின்மேல் போய் உட்கார்ந்தது. பிறகு கொட்டிய மழையில் சீலிங் இடிந்து ஹால் முழுக்கத் தண்ணீர். நீ வருடா வருடம் வீட்டு இன்சூரன்ஸில் புயலையும் சேர்த்துக் கட்டி வந்தாயே, அதை வீண்செலவு என்று சொன்னவர் உன் அப்பா. மறுநாள் காலையில் அதே மனிதர், முன்யோசனையோடு எடுத்து வைத்தேன் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சேதம் பார்க்க சுகுமாறன் என்று ஒரு தம்பியை அனுப்பினார்கள். மரியாதையான பிள்ளை. காற்று கூரையைப் பெயர்த்து, அந்த வழியாக மழை உள்ளே வந்தால்தான் கம்பெனி கொடுக்கும், பழைய ஓட்டில் ஒழுகினால் கொடுக்காது என்று விளக்கிவிட்டு, "எது அங்கிள் முதல்ல வந்துச்சு, காத்தா மழையா?" என்று கேட்டார். உன் அப்பா, "ரெண்டும் ஒண்ணாத்தான்லா வந்துச்சு, நான் என்ன வரிசையில நிக்கச் சொன்னேனா?" என்றார். நான் காலை மிதித்தேன். மிதித்தால் நிறுத்துகிற ஆளா? "அந்த மூலை ஓடு முன்னயே ஆடிக்கிட்டுதான் இருந்துச்சு, நாந்தான் சிமெண்ட் பூசி நிப்பாட்டி வச்சிருந்தேன்" என்று தன் கைவேலையையும் பெருமையாகக் காட்டினார். அந்தத் தம்பி எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு, பின்னால் சமையலறையை நீட்டியதற்கு நகராண்மைக் கழக அனுமதி இருக்கிறதா என்றார். அது நம்மிடம் ஏது, உன் அப்பா தண்ணீர் கொண்டுவருவதாக உள்ளே போய்விட்டார். ஏனென்றால், அனுமதியில்லாமல் வாசலில் பந்தல் போட்டான் என்று நஜிமுதீன்மேல் புகார் கொடுத்து அதைப் பிரிக்க வைத்தவர் உன் அப்பாதான். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை என்பது உனக்கே தெரியும்.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. பழைய ஓடு, நாள்பட்ட ஒழுகல், கொடுப்பதற்கில்லை. உன்னிடம் போனில், வேலை நடக்கிறது என்று சொன்னோமே, அப்போது நீலக் கான்வாஸுக்குக் கீழேதான் படுத்திருந்தோம். தூறல் சத்தம் கேட்டாலே அப்பா எழுந்து வாளியோடு நிற்பார். பேசவே மாட்டார். அவர் வாயடைத்துப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை, அதுதான் பயமாக இருந்தது.

ஒருநாள் துணி உலர்த்தும்போது நஜிமுதீன் மனைவி ரஹ்மத் நிஷா வேலிப்பக்கம் வந்து, "அக்கா, எங்க வாசல் கேமராவுல எல்லாம் பதிவாயிருக்கு, உங்களுக்கு வேணாமா?" என்றாள். அந்தக் கேமராவே பந்தல் சண்டைக்குப் பிறகு எங்களை வேவு பார்க்க எங்கள் கேட்டைப் பார்த்து மாட்டியது. அப்பாவிடம் சொன்னேன். "அவன் வாசல்ல போய் நான் நிக்கிறதா? கூரை இல்லாமலே இருந்துக்கிறேன்" என்றார். நீங்கள் இருங்கள், எனக்குக் கூரை வேண்டும் என்று நான் கிளம்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் கேட்டுக்கு வெளியே உன் அப்பாவின் இருமல் சத்தம் கேட்டது. நஜிமுதீன் எழுந்து போய், "உள்ள வாங்க மூர்த்தி அண்ணே, அந்தப் படத்த என் கடைக்கு வர்றவன்ல பாதிப்பேர் பாத்துட்டான், நீங்க ஒருத்தர்தான் பாக்கல" என்றார்.

பார்த்தோம். தரை காய்ந்து கிடக்கிறது, ஒரு சொட்டு மழை இல்லை, ஓடுகள் ஒவ்வொன்றாக எழும்பிப் போகின்றன. உன் அப்பா சாரோங்கோடு ஓடி வந்து காற்றைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார், போக்குவரத்துப் போலீஸ் மாதிரி. நஜிமுதீன் அந்த இடத்தில் மட்டும் இரண்டாம் முறை போட்டுக் காட்டினார். அடுத்து நான் துணிக் கூடையோடு வருகிறேன். அப்பா கூரையை விட்டுவிட்டு ஓடி வந்து என்னைச் சுவரோடு சேர்த்து, தன் இரண்டு கையையும் என் தலைக்குமேல் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஓட்டுத் துண்டு ஒன்று அவர் முதுகில் விழுகிறது, அவர் நகரவில்லை. கூடையை விடாமல் நின்றதற்கு அவர் என்னைத் திட்டியது மட்டும்தான் அதுவரை எனக்கு ஞாபகம். அந்தக் கேமராவில் சத்தம் பதிவாகாது. ரஹ்மத் நிஷா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா, தேத்தண்ணியில் சீனி போதவில்லை என்றார்.

படத்தை அனுப்பினோம், சுகுமாறன் தம்பியே மேலிடத்தில் பேசியிருக்கிறார். கூரைக்கும் சீலிங்குக்கும் கிடைத்தது, சமையலறைக்கு இல்லை. அங்கே இன்னும் கான்வாஸ்தான், மழை நாட்களில் குழம்பு தானே பெருகிக்கொள்கிறது. இப்போது தெருவில் யாருக்கு ஓடு பறந்தாலும் உன் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், அதிகம் பேசாதீர்கள் என்று அவர் மற்றவர்களுக்குப் புத்தி சொல்வதைக் கேட்டுக்கொண்டு நான் கீரை ஆய்கிறேன்.

வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடச் சொன்னாயே, கேட்டுப் பார்த்தேன். கான்வாஸ் போட்டிருந்தபோது கேட்டதற்கு, "கூரையில்லாத வீட்ட எவன் வாங்குவான்?" என்றார். போன வாரம் மறுபடி கேட்டதற்கு, "புதுக்கூரை போட்ட வீட்ட எவனாச்சும் விப்பானா?" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் அவர் பிடிவாதம் என்றே இருக்கட்டும், நீ கோபித்துக்கொள்வதாக இருந்தால் அவரைக் கோபித்துக்கொள்.

மாப்பிள்ளையும் நீயும் தீர்க்காயுசோடு, மனம் ஒத்து, வீடு நிறைந்து வாழ அப்பா அம்மாவின் ஆசிகள். ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. முதுகு வலிக்கிறதா என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை கேள், நான் சொன்னதாகச் சொல்லாதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா வள்ளியம்மா