பெயரை எடுத்துவிட்டார்களாம்

நேற்று தேனியில் உனக்கு ஒரு விருது கொடுத்தார்கள். உன் வீட்டார் சார்பில் வாங்கி வந்தது நான்தான். காலையில் கடையைத் திறந்ததும் அந்த வெல்வெட் பெட்டியை பில் போடும் மேசையில் வைத்துத் திறந்தேன். பசையும் வார்னிஷும் கலந்த நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. இருமல் மருந்து வாங்க நின்றவர்கூட மூக்கைச் சுளித்தார். கேடயத்தில் நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். நீ தொடங்கிய திட்டத்தின் தொடக்க விழாவில் எடுத்த படம். உன் கழுத்தை ஒட்டி, தங்க நிறத்தில், அதற்கு நிதி கொடுத்தவர்களின் முத்திரை. மூடி வைத்துவிட்டேன். இதை யாரிடமாவது கொட்டியாக வேண்டும். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மதுரையில் ஒன்றாக ஃபார்மசி படித்தோம். நான் சின்னமனூரில் மருந்துக்கடை வைத்து உட்கார்ந்துவிட்டேன். நீ பெங்களூருக்குப் போய், பெரிய ஆஸ்பத்திரிகளின் மருந்தகங்களுக்கு மென்பொருள் எழுதினாய். அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவாய்; அவருக்கு முடியாமல் போனபோது உத்தமபாளையத்துக்கே திரும்பி வந்தாய். மத்தியானத்தில் அவர் தூங்கியதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுவாய். அப்படி வந்த ஒரு நாளில்தான் பேச்சியம்மாளின் மகள் பையோடு வந்து நின்றாள்.

பேச்சியம்மாள் மேகமலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் தலைசுற்றி விழுந்து, ஜீப்பில் போட்டு அந்தக் குண்டும் குழியுமான பாதையில் கீழே கொண்டுவந்திருந்தார்கள். மகள் டிரிப்ஸ் பாட்டில் வாங்க வந்தாள். நீதான், "ஆத்தா என்னென்ன மாத்திர சாப்புடுறாக? அந்தப் பையக் கொட்டு, பாப்போம்" என்றாய். மூன்று மாத்திரை அட்டைகள் விழுந்தன.

"இது எங்கன வாங்குனது?"

"எஸ்டேட்டு ஆஸ்பத்திரியில குடுத்தாக."

"இது?"

"வேன்ல வர்ற நர்சம்மா குடுத்தாக."

"இந்தச் செவப்பு அட்ட?"

"அது இங்கன கீழ டாக்டர்ட்ட காட்டுனப்ப எழுதுனாக. மூணையும் காலையில போட்டுக்கிருவாக. எங்காத்தா சோத்தத் தவற விட்டாலும் மாத்திரையத் தவற விட மாட்டாக."

மூன்றும் ஒரே பிரஷர் மாத்திரை. கம்பெனிதான் வேறு, பெயர்தான் வேறு. அவள் போன பிறகு மூன்று மருந்துப் பெயர்களையும் ஒரு பில் தாளின் பின்னால் எழுதினாய். பிறகு சொன்னாய்: "யாரு மேலடி தப்பு? மூணு பேரும் சரியான மருந்தத்தான் குடுத்திருக்காக. ஒருத்தர் குடுத்தது இன்னொருத்தருக்குத் தெரியல. அம்புட்டுதான்."

அந்த 'அம்புட்டுதான்' உன்னைத் தூங்கவிடவில்லை. நோயாளிகள் கையில் வைத்துக்கொள்ள ஒரு மருந்து விவர அட்டையைச் செய்தாய். நோயாளி அதைக் கடையில் நீட்டினால், அவர் இப்போது சாப்பிடும் மருந்துகள் எங்கள் திரையில் வரும். அதே மருந்து வேறு பெயரில் போனால் திரை சிவப்பாகும். உன் பிடிவாதம் ஒன்றில்தான். "அட்ட அவுக கையில இருக்கணும். அவுக நீட்டுனாத்தான் நாம பாக்கணும். கைய மடக்கிக்கிட்டா நமக்கு எதுவும் தெரியக்கூடாது." மலையில் சிக்னல் கிடைக்காது என்பதால், இணையம் இல்லாமலும் அது ஓடும்படி எழுதினாய். என் கடையிலும் உத்தமபாளையத்தில் சில கடைகளிலும் ஓட்டிப் பார்த்தோம். ஓடியது.

ஆனால் ஓடினால் மட்டும் போதாது, ஊருக்கெல்லாம் கொடுக்கும் முன் முறையாக ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்றாய். உண்மையிலேயே ஆட்கள் விழுவது குறைகிறதா, எங்கே தப்புகிறது, யாருக்குக் கெடுதல் வருகிறது என்றெல்லாம். அதற்கு நிதி வேண்டும். அரசாங்க இடங்களுக்கு எழுதினாய். பதில் வரவில்லை. ஓர் அதிகாரி மட்டும், இதைப் பெரிய நகரத்தில் செய்தால் பார்க்கலாம் என்று போனில் சொன்னார். இந்தப் பள்ளத்தாக்கில் மாத்திரை தின்கிறவர்கள் மனிதர்கள் கணக்கில் வரமாட்டார்கள்போல. அப்போதுதான் தேனியில் ஒரு கல்லூரி வழியாக அந்த அறக்கட்டளை வந்தது. மருந்தும் சத்துமாவும் விற்கிற ஒரு கம்பெனியின் அறக்கட்டளை. நீ தயங்கினாய். கல்லூரிக்காரர்கள் விடவில்லை. "நிதி அவுகளோடதா இருந்துட்டுப் போகட்டும், கேள்வி நம்மளோடதா இருந்தாச் சரி" என்று உனக்கே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டாய். ஆராய்ச்சிக்கென்று அட்டை விவரங்களும் போன் நம்பர்களும் அவர்கள் கணினிக்கும் போகும் என்று ஏற்பாடு. ஓட்டலில் விழா, பிரியாணி, பொன்னாடை. அந்தப் படத்தில் நீ சிரிப்பது பொய்ச் சிரிப்பில்லை. அதுதான் எனக்கு இப்போதும் பொறுக்கவில்லை.

முதல் மாதங்கள் நன்றாக இருந்தன. பேச்சியம்மாள் எழுந்து வேலைக்குப் போனார். கீழே வரும்போதெல்லாம் கடை வாசலிலிருந்தே அட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வருவார், ஓட்டுப் போட்ட விரலைக் காட்டுவதுபோல. பிறகு ஒவ்வொருவராக வந்து, போனில் யாரோ சர்க்கரை நோய்க்கு மாவு விற்கிறார்கள், இன்சூரன்ஸ் விற்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் வருகிற தொந்தரவுதானே என்று நாம் நினைத்துக்கொண்டோம். மார்க்கையன்கோட்டையிலிருந்து, நம்மிடம் அட்டை வாங்கிய ஒரு பெண்ணின் அப்பா வரும்வரை.

கடை நிறைய ஆட்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. மகளின் அட்டையை மேசைமேல் எறிந்தார். வெற்றிலைத் தோட்டத்தில் பாடுபடுகிற மனிதர், குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை.

"நேத்து மாப்ள வீட்டுக்காரக பூ வைக்க வந்திருந்தாக. எனக்குக் காது மந்தம், போன ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவேன். சபையில எல்லாரும் உக்காந்திருக்காக. ஒரு பொண்ணு பேசுது. 'உங்க வீட்டுல வலிப்புக்கு மாத்திர சாப்புடுறவகளுக்குச் சலுகை வந்திருக்கு'ங்குது. வந்தவுக தண்ணிகூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாக."

நான் வாயைத் திறக்குமுன் அவரே தொடர்ந்தார். "அவளுக்கு வலிப்பு வந்து வருசக்கணக்காச்சு. மறைக்கணும்னு இல்ல. பையன்கிட்ட நானே சொல்றேன்ப்பான்னு எம்மக சொல்லிக்கிட்டிருந்தா. அவ சொல்ல வேண்டியத, நீங்க யாரு சொல்றதுக்கு?"

உனக்கு போன் செய்தேன். வந்தாய். அவரோடு மார்க்கையன்கோட்டைக்குப் போனோம். அந்தப் பெண் நமக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். "அவுக எந்திரிச்சுப் போனதுக்கு நான் அழுகலக்கா. இப்ப யாரு பேசுனாலும் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறாக, கையப் பாக்குறாக. எப்ப இழுக்கும்னு" என்றாள். நீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாய்.

மறுநாள் தேனியில், கல்லூரி முதல்வரின் அறை. அறக்கட்டளையின் திட்ட மேலாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில். நீ கேட்டதற்கு அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"மேடம், டேட்டாவ அப்படியே யாருக்கும் குடுக்கலை. பெயரை எடுத்துட்டோம்."

"போன் நம்பர்?"

"நம்பர் பெயர் இல்லையே மேடம்."

"அந்த நம்பருக்குக் கூப்பிட்டா யாரு எடுப்பாக?" என்றாய்.

அவர் சிரித்தார். ஆராய்ச்சிக் கூட்டாளிகளோடு பகிரலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். கூட்டாளி யாரென்று கேட்டால், அதே கம்பெனியின் விற்பனைப் பிரிவு. நாம் நோயாளிகளிடம் என்ன சொல்லி அட்டை கொடுத்தோமோ அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. முதல்வர் தன் டீயில் படிந்த பால் ஏட்டைக் கரண்டியால் எடுத்துச் சாசரின் விளிம்பில் தேய்த்துக்கொண்டே, "பெருசாக்காதீகம்மா. அடுத்த வருசமும் நிதி வரணும்ல" என்றார். சுருண்டு கிடந்த அந்த ஏடுதான் அவர் முகமாக என் நினைவில் தங்கியிருக்கிறது.

வெளியே வந்ததும் வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாய். அது அருவருப்பா, அதற்குள்ளாகவே உன் வயிற்றில் தொடங்கியிருந்த நோயா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு நீ செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். உன் கையில் இருந்த விவரங்களை எல்லாம் அழித்தாய். வீடு வீடாகப் போய், நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, அட்டைகளைத் திரும்ப வாங்கினாய். சிலர் திட்டினார்கள். பலருக்கு நீ சொன்னதே விளங்கவில்லை. மேகமலைக்கு நானும் வந்தேன். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசலில் பேச்சியம்மாள் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொடுக்க மறுத்தார்.

"இதுல என்ன ஆத்தா தப்பு? இத வாங்குனதுலருந்து நான் விழுகவே இல்லையே?"

நீ தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அட்டையில தப்பு இல்லம்மா. அதுக்குப் பின்னால இருக்கவுக சரியில்ல" என்றாய். உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். ஜீப்பில் இறங்கும்போது நீ அழுதாய். "நல்லதுடி அது. நல்லதப் போய் நாறடிச்சுட்டானுகடி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாய். யாரையும் மரியாதைக்கு 'ஆக' போடாமல் நீ பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அவர்கள் பக்கம் போய்விட்ட விவரங்கள் போனது போனதுதான். ஒப்பந்தத்தை மீறினாய் என்று உன்னைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டு, உன் மென்பொருளுக்கு வேறு பெயர் வைத்து வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோனார்கள்.

மதுரை ஆஸ்பத்திரியில், இரண்டாவது முறை மருந்து ஏற்றிய அன்று உன் போன் அடித்தது. நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு உன் முகத்தருகே பிடித்தேன். புற்றுநோய்க்காரர்களுக்கென்று சத்துமாவு, இன்று மட்டும் சலுகை என்றது ஒரு பெண் குரல். நான் பிடுங்கி அணைக்கப் போனேன். நீ தடுத்தாய்.

"ஏம்மா, எனக்கு நோயின்னு உனக்கு யாரு சொன்னாக?"

"எங்களுக்கு லிஸ்ட்டு வரும் மேடம்."

"பேச்சு நம்ம பக்கமாருக்கே. எந்த ஊரு?"

"கடமலைக்குண்டுக்கா" என்றது அந்தக் குரல். பிறகு மிகத் தாழ்வாக, "அக்கா, இனிமே இந்த மாதிரி போனு வந்தா எடுக்காதீக. எடுத்தா உங்க நம்பரு இன்னும் நாலு பேருக்குப் போயிரும்" என்றது. நீ சிரித்தாய். மொட்டைத் தலையோடு, உதடு வெடித்து, அப்படி ஒரு சிரிப்பு. "பாத்தியாடி, அம்புட்டுப் பேர்ல இந்தப் புள்ளைக்குத்தான் கூச்சம் இருக்கு" என்றாய்.

உன்னை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நான் உன் அம்மாவோடு வீட்டுக்குள் இருந்தேன். அம்மா பள்ளிவாசல் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உன்னை நீக்கிய அதே அறக்கட்டளை நடத்திய நேற்றைய விழாவுக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் தம்பிதான், "அங்கன அவுக மட்டும் பேசுனா எங்கக்கா அவுக ஆளுன்னு ஆயிரும். நீங்க போயி உள்ளதச் சொல்லுங்கக்கா" என்றான். போனேன். ஓட்டல் வாசலில் உன் முகம் ஆள் உயரத்துக்கு நின்றது, பக்கத்தில் சத்துமாவு டப்பாவின் படம். மேடையேறி எல்லாவற்றையும் சொன்னேன். பூ வைக்க வந்த வீட்டில் அடித்த போன், நம்பர் பெயர் இல்லை என்ற பதில், நீ திரும்ப வாங்கிய அட்டைகள். ஊர்ப்பெயரையும் அந்தப் பெண்ணையும் மட்டும் சொல்லவில்லை. சண்டை வரும், மைக்கைப் பிடுங்குவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

கைதட்டினார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த மேலாளர், தலைமுடி கொஞ்சம் நரைத்திருக்கிறது, கண்ணைத் துடைத்துக்கொண்டே மைக்கை வாங்கி, "இந்த மாதிரி அனுபவங்கள்தான் எங்களைச் செதுக்குது" என்றார். வெளியே வரும்போது ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். உள்ளே ஒரு மாவு டப்பா. உண்மையைச் சொன்னால் அவர்களுக்குச் சுடும் என்று நம்பி இத்தனை வயது வந்திருக்கிறேன். அவர்கள் அதையும் தின்று செரித்துவிடுகிறார்கள். பையைப் பேருந்து நிலையத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, உள்ளங்கையைக் கழுவிக்கொண்டே நின்றேன்.

உன் ஆராய்ச்சி முடியவில்லை. யாராவது நாணயமாக நிதி கொடுத்து, உன் கேள்வியிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும். அதுவரை இங்கே நான் ஒருத்தி வாயால் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாத்திரை எடுத்துக் கொடுக்குமுன், "வேற எங்கனயும் மருந்து வாங்குறீகளா? பையக் கொட்டுங்க" என்கிறேன். பேச்சியம்மாள் நான் கேட்காமலே கொட்டிவிடுகிறார்.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்ல வேண்டும். இப்போது மருந்து மொத்த வியாபாரிகள் எல்லாக் கடைக்கும் ஒரு புது பில் மென்பொருளைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். நோயாளியின் போன் நம்பரைப் போடாவிட்டால் பில் வராது. அந்தக் கட்டத்தில் நான் எல்லோருக்கும் என் நம்பரையே போடுகிறேன். சர்க்கரைக்கு என் நம்பர், காசநோய்க்கு என் நம்பர், குழந்தை இல்லை என்று மறைத்து மறைத்து வாங்கிப் போகிறவர்களுக்கும் என் நம்பர். நாள் முழுக்க போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிக்கு மாவு வேண்டுமா என்று கேட்கிறார்கள், மனநோய்க்கு இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட ஒரு பெண் கூப்பிட்டாள். "மேடம், நீங்க வலிப்புக்கு மாத்திர எடுக்குறீங்கதானே?"

"ஆமாம்மா, எனக்குத்தான்" என்றேன்.