திரும்பி வரமாட்டேன் என்று ஒரு கையெழுத்து

1964 மார்ச்சு 12, வியாழன். உடப்புசல்லாவை.

இன்று தோட்டத்து ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்தியப் பாஸ்போர்ட்டுக்காரனான எனக்குத் இங்கே தங்கும் தற்காலிக அனுமதியை இனி நீட்ட மாட்டார்களாம். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் உழைத்தபோது சம்பளத்தில் பிடித்து வைத்த சேமலாப நிதியை வாங்க வேண்டுமானால், இலங்கையை விட்டு ஒரேயடியாகப் போகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வரிப் பாக்கி இல்லை என்ற சான்று போன வாரமே வந்துவிட்டது.

ஆபீஸ் கிளாக்கரான என் மருமகன்தான் இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னார்.

"போட்டுட்டா திரும்பி வர முடியாதுங்க மாமா. யோசிச்சுக்கங்க."

"காசில்லாம அங்க போய் யாரு கையை எதிர்பார்த்து நிக்கிறது தம்பி?" என்றேன். பேனாவை அவரே திறந்து கொடுத்தார்.

சாயங்காலம் மகள் எங்கள் இருவருக்கும் சோறு போட்டாள். அவளுக்கு இது எட்டாம் மாதம்.

"புள்ள பொறந்ததும் வந்து பார்த்துட்டுப் போவீங்கதானே அப்பா?"

மருமகன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"வருவேம்மா" என்றேன்.

"அப்ப பேரு நீங்க வந்துதான் வைக்கணும். அதுவரைக்கும் சும்மா பாப்பான்னே கூப்பிடுறோம்" என்று சிரித்தாள்.

மருமகன் பாதிச் சோற்றில் கை கழுவ எழுந்து போய்விட்டார். நான் மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். அவள் இன்னும் கொஞ்சம் போட்டாள்.