இடது கைக்கு மாற்றிய கிட்டார்

ஜூன் 4

மாப்பிள்ளைக்கு,

இப்படித்தான் ஆரம்பிக்க வந்தது. அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதலாமா என்று பார்த்தேன். உன்னை வேறு எப்படியும் கூப்பிட்டுப் பழக்கமில்லை, விட்டுவிட்டேன். நீயும் என் தங்கையும் பிரிந்ததிலிருந்து நானும் உன்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று இப்போதும் ஆசையில்லை. ஒரு வேலை இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நம் குழுவில் கீபோர்டு வாசித்தானே மொட்டை, அவன் போன வாரம் கடைக்கு வந்தான். நான் இன்னும் அதே கண்ணாடிக் கடையில்தான் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். நீ லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக் என்று சொல்லி, அவன்தான் இந்த முகவரியைக் கொடுத்தான்.

விஷயம் உன் மகளைப் பற்றியது. பதினாறு வயதாகிறது. வீட்டில் எல்லோருக்கும் அவள் பட்டாணி. நீ பார்த்துப் பார்த்து வைத்த பெயரைப் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். பழைய சாமான் கடையில் ஒரு எலக்ட்ரிக் கிட்டாரைப் பார்த்தவள், பிடிவாதம் பிடித்து வாங்கி வந்துவிட்டாள். சிவப்பு உடம்பு, அங்கங்கே பெயின்ட் உதிர்ந்திருக்கிறது. கழுத்து நேராக இருக்கிறது. கண்ணாடி ஃபிரேம் கோணலா என்று பார்க்கிற மாதிரி ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். ஆனால் கம்பிகளுக்குக் கீழே, அவற்றின் அதிர்வை ஆம்ப்புக்கு அனுப்பும் மூன்று பிக்கப் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று வெறும் ஓட்டை. மற்ற இரண்டும் உயிரோடு இருக்கின்றனவா, தெரியவில்லை. ஆம்ப்பில் மாட்டினால் பாட்டு வரவில்லை, தேனீக்கூட்டைக் கலைத்த மாதிரி இரைகிறது.

"உங்களுக்குத்தான் குட்டிக் குட்டி ஸ்க்ரூ எல்லாம் கழட்டத் தெரியுமே மாமா" என்று என் தலையில் கட்டிவிட்டாள். குழுவில் கிட்டார் வாசித்தவன் நீ, நான் டிரம்ஸ் வாசித்தவன். அதையும் எந்த லட்சணத்தில் வாசித்தேன் என்று உனக்குத் தெரியும்.

என்ன வாங்குவது, எதை எங்கே சேர்ப்பது என்று மட்டும் எழுது. கடை முகவரிக்கு எழுது. போன் வேண்டாம், உன் குரலைக் கேட்டால் திட்டிவிடுவேன். நான் எழுதுவது தங்கைக்குத் தெரியாது. பட்டாணிக்கும் தெரியாது.

மச்சான்


ஜூன் 11

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிரிக்கத் தைரியம் வரவில்லை. ஒரு ஷிஃப்ட் முழுக்கச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, லிஃப்ட் மோட்டார் அறையில் கிரீஸ் கையோடு சுற்றினேன். ஓர் ஓரத்தில் கறை தெரிந்தால் அதுதான் காரணம் என்று சொல்லலாமென்றால், கறை என்னிடம் இருக்கிற கடிதத்தில்தான். என்ன எழுதுகிறேன் பார்.

வேலைக்கு வருகிறேன். ஆம்ப்பைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பிக்கப்பையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகத் தட்டு. ஸ்பீக்கரில் "டொக்" என்று கேட்டால் உயிர் இருக்கிறது. சத்தமில்லை என்றால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி எங்கோ அறுந்துவிட்டது. தலைமுடியை விட மெல்லிய கம்பி அது, தேடிப் பிடிக்க முடியாது. மூன்றையும் மாற்றிவிடுவதே நல்லது. ஒன்று புதிது, ஒன்று பழையது என்று வைத்தால் ஒன்று கத்தும், ஒன்று முனகும்.

கடை கடையாக நீ அலைய வேண்டாம். மூன்று பிக்கப், வால்யூம் திருகுக்கு அடியில் வைக்கும் பாகங்கள், ஒரு ஸ்விட்ச், எல்லாம் இந்தப் பார்சலில் இருக்கின்றன. கடையில் வாங்கினேன் என்று சொல்லிக்கொள். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை.

ஒன்று மட்டும் கேட்கலாமா? அவள் உட்கார்ந்து வாசிக்கிறாளா, நின்று வாசிக்கிறாளா?

மச்சானின் மாப்பிள்ளை


ஜூன் 20

மாப்பிள்ளைக்கு,

பார்சல் வந்தது. யார் உன்னை அனுப்பச் சொன்னது? சரி, வந்ததை என்ன செய்ய, அலமாரிக்குள் வைத்துவிட்டேன். கிட்டாரில் இருந்த பழைய இரண்டையும் தட்டிப் பார்த்தேன். ஒன்று "டொக்" என்றது, ஒன்று செத்துப்போயிருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு வாசிக்கிறாள். நாக்கு உள்ளே போனால் தப்பாக வாசிக்கிறாள் என்று அர்த்தம். ஆம்ப் இல்லாமலே மணிக்கணக்கில் டிக் டிக் என்று தட்டுகிறாள். ஆஸ்பத்திரி வரவேற்பில் நாள் முழுக்கப் பேசிவிட்டு வரும் அவள் அம்மா, கதவருகே நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சாப்பிட வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறாள். நல்லதா கெட்டதா, எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு கூத்து. கிட்டாரைத் தலைகீழாக வைத்துக்கொள்கிறாள். நான் திருப்பி வைத்தேன். "மாமா, எனக்கு இதுதான் நேர்" என்கிறாள். கம்பிகளை எல்லாம் கழற்றி வரிசை மாற்றிப் போட்டிருக்கிறாள். எழுதுவது, சாப்பாடு தவிர எல்லாமே அவளுக்கு இடது கைதானே. உனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் முதலில் எழுதவில்லை.

மச்சான்


ஜூன் 26

அன்புள்ள மச்சானுக்கு,

எனக்குத் தெரியாது.

நான் கிளம்பியபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இரண்டு கையாலும்தான் எல்லாவற்றையும் பிடித்து இழுப்பாள்.

தயவுசெய்து நான் அனுப்பிய பிக்கப்புகளைப் பொருத்தாதே. ஒவ்வொரு பிக்கப்பிலும் ஆறு சின்னக் காந்தத் தண்டுகள் தெரியும், பார். அவை ஒரே உயரத்தில் இல்லை. எந்தக் கம்பி எங்கே வரும் என்று கணக்குப் பண்ணி, சிலதை ஏற்றியும் சிலதை இறக்கியும் வைத்திருப்பார்கள். அது வலது கைக்காரர்களின் வரிசை. அவள் கம்பிகளை மாற்றிப் போட்டால் ஒரு கம்பி கத்தும், பக்கத்துக் கம்பி காணாமல் போகும். தான்தான் சரியாக வாசிக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொள்வாள். அது வேண்டாம்.

தண்டுகள் எல்லாம் சம உயரத்தில் இருக்கிற பிக்கப்புகள் உண்டு. அதைத் தேடி வைத்திருக்கிறேன். கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் வெள்ளைப் பட்டையையும் மாற்ற வேண்டும், தடித்த கம்பியின் பள்ளத்தில் மெல்லிய கம்பி ஆடும். நீ ஒரு உதவி செய். பிக்கப்புகள் மாட்டியிருக்கும் அந்த முன் தகட்டை அப்படியே கழற்றி அனுப்பு. வயரிங் எல்லாம் முடித்துத் திருப்பி அனுப்புகிறேன். நீ மூன்றே வயரைச் சேர்த்தால் போதும்.

மாப்பிள்ளை


ஜூலை 3

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே கையை வைத்துவிட்டேன். வயரை ஒட்டவைக்கச் சூட்டுக்கோலை எடுத்தேன், ஈயம் உருகுவதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் உருகியது. கடை முழுக்க நாற்றம். கண் பரிசோதனைக்கு வந்த ஒரு அம்மா, "உங்க மெஷின் ஏதோ கருகுது" என்று எழுந்து போய்விட்டார். உள்ளே பார்த்தால் சிரிப்பாய், சிரித்துக்கொள். தகடு இத்துடன் வருகிறது.

ஊர் ஊராகக் கச்சேரி என்று நீ கிளம்பிப் போனதையும், ஆறு மாதம் ஒரு வருஷமானதையும், வருஷம் கோர்ட்டில் போய் முடிந்ததையும் நான் மறக்கவில்லை. பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். காய்ச்சலில் கிடந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் தங்கை நடந்த நடை எனக்குத்தான் தெரியும். நீ பிக்கப் அனுப்பியதால் அதெல்லாம் நேராகிவிடாது. எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

ஆனால் காந்தத்தண்டின் உயரம் வரை யோசித்திருக்கிறாய். அதையும் எழுதத்தான் வேண்டும்.

தகட்டின் கீழ் ஓரத்தில் புதிதாகக் கீறல் இருக்கும். அது பழைய கீறல் இல்லை. அவள் நகம்.

மச்சான்


ஜூலை 18

அன்புள்ள மச்சானுக்கு,

நீ எழுதியதில் ஒரு வார்த்தைக்கும் என்னிடம் மறுப்பு இல்லை.

தகடு தயார். என்னிடம் இப்போது கிட்டார் கிடையாது, எப்போதோ கைவிட்டுப் போய்விட்டது. எப்படிச் சோதிப்பது என்று யோசித்து, பக்கத்து அறைக்காரரிடம் சின்ன ஆம்ப் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். சுருதி பார்க்கும் இரும்புக் கவை ஒன்று இருந்தது. அதை முழங்காலில் தட்டி, ஒவ்வொரு காந்தத்தின் மேலும் பிடித்தேன். கம்பியே இல்லாமல் ஸ்பீக்கரில் அவ்வளவு சுத்தமாக ஒரு சுரம். ஆறு தண்டு, மூன்று பிக்கப், எல்லா இடத்திலும் ஒரே அளவு. பக்கத்து அறைக்காரர், "இன்னொரு தடவை பண்ணுங்க" என்றார். பண்ணினேன்.

அந்தக் கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாம். எடுக்கவில்லை.

வெள்ளைப் பட்டையை இடது கை வரிசைக்கு அறுத்து வைத்திருக்கிறேன். ஒரு சொட்டுப் பசை போதும். தோள்பட்டை வார் மாட்டும் குமிழை மறுபக்கத்துக்கு மாற்று, இல்லாவிட்டால் நிற்கும்போது கிட்டார் கவிழும். யார் செய்தது என்று அவளிடம் சொல்ல வேண்டாம். நீ செய்ததாகவே இருக்கட்டும்.

மாப்பிள்ளை


ஜூலை 27

மாப்பிள்ளைக்கு,

மாட்டிக்கொண்டோம்.

பார்சல் வந்தபோது அவள் கடையிலேயே உட்கார்ந்திருந்தாள். தபால்காரர் நேராக அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"என்ன மாமா இது?"

"லென்ஸ்டி. அப்படி வை."

"இவ்ளோ பெரிய லென்ஸா? யாருக்கு, யானைக்கா?" என்று திருப்பினாள். பின்பக்கத்தில் நீ அனுப்புநர் பெயரை முழுசாக எழுதி வைத்திருக்கிறாய், மடையா. அவள் அதையே பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"இது என் பேருக்கு முன்னாடி இருக்கற பேருதானே?"

பார்சலை வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"பரீட்சை எழுதறப்ப எல்லாம் இந்தப் பேர எழுதறேன் மாமா. எனக்குத் தெரியாதா? எவ்ளோ நாளா இது?"

"உன் கிட்டார் வந்ததிலேர்ந்து."

"அம்மாவுக்கு?"

"தெரியாது."

"அப்ப எனக்கும் தெரியாமலே போயிருக்கும், இல்ல?" என்று சொல்லிவிட்டு, பார்சலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதவைச் சாத்திய வேகத்தில் காட்சிக்கு வைத்திருந்த ஃபிரேம்கள் எல்லாம் ஆடின.

வேறு யார் வாயாலும் தங்கை கேட்கக் கூடாது என்று நானே போய்ச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவர் கேட்டாரா, நீயா எழுதினியா?"

"நான்தான்."

"அவ இடது கைன்னு அவருக்குத் தெரியுமா?"

"இப்பத்தான் தெரியும். அதுக்குத்தான் எல்லாத்தையும் மறுபடி செஞ்சு அனுப்பியிருக்கார்."

மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். "கொஞ்ச நாளைக்கு எழுதாதண்ணா. நான் யோசிக்கணும்."

அதனால் இனி நான் எழுத மாட்டேன். பட்டாணி என்னோடு பேசுவதில்லை. உன் தகட்டை என்ன செய்தாள் என்றும் தெரியாது. உன்னை நம்ப வைத்து நடுவில் விடுகிற மாதிரி இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

மச்சான்


ஆகஸ்ட் 5

அன்புள்ள மச்சானுக்கு,

பதில் வேண்டாம். உன் தங்கை சொன்னதே சரி. அவளுக்கு யோசிக்க நேரம் வேண்டும் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

தகட்டைத் தூக்கிப் போட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஒருவேளை பொருத்தினால் ஒன்று. கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு வயர் வரும். அதைக் கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும். விரல் கம்பியில் பட்டதும் இரைச்சல் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வயர் சேரவில்லை. ஆம்ப்பை அணைத்து பிளக்கை எடுத்துவிட்டுத்தான் உள்ளே கை வைக்கச் சொல். இதை மட்டும் எப்படியாவது அவள் காதில் போட்டுவிடு. உன்னோடு பேசாவிட்டால் எழுதியாவது வை.

மாப்பிள்ளை


செப்டம்பர் 14

வணக்கம்.

எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. இப்போதைக்கு அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்.

மாமா உங்கள் கடைசிக் கடிதத்தை என் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். இந்தத் தடவை அவர் தொடவே இல்லை, மூன்று வயரையும் நான்தான் சேர்த்தேன். பிளக்கை எடுத்துவிட்டுத்தான் செய்தேன். கறுப்பு வயரைக் கடைசியாக வைத்தேன். கம்பியில் விரல் வைத்ததும் இரைச்சல் நின்றது. ரொம்ப நேரம் எதையும் வாசிக்காமல் விரலை எடுப்பதும் வைப்பதுமாகவே இருந்தேன்.

எல்லாக் கம்பியும் ஒரே மாதிரி கேட்கிறது. நடு பிக்கப்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. மணி மாதிரி இருக்கிறது.

ஒரு பிரச்சினை. சும்மா மீட்டினால் சுருதி சரியாக இருக்கிறது. விரலைப் பிரிட்ஜ் பக்கம் கொண்டு போகப் போக விலகிப் போகிறது, மெல்லிய கம்பியில் ரொம்ப. மாமா, "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்கிறார். அவர் டிரம்ஸ் வாசித்தவர். நான் கம்பி வரிசையை மாற்றியதால் பிரிட்ஜில் இருக்கும் குட்டி இரும்புத் துண்டுகளையும் நகர்த்த வேண்டுமா? எவ்வளவு? எந்தப் பக்கம்? படம் போட்டு எழுதுங்கள்.

நீங்கள் ஏன் போனீர்கள் என்று இப்போது கேட்கவில்லை. கேட்பேன். முதலில் சுருதி சரியாகட்டும்.

நேற்று நான் வாசிக்கும்போது அம்மா உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "சாப்பிட வா" என்று சொல்லவில்லை. முடிந்ததும், "அந்த மெல்லிசுக் கம்பி கொஞ்சம் விலகுது, கேட்டு எழுது" என்றாள். மாமாவுக்குக் கேட்காதது அம்மாவுக்குக் கேட்கிறது.

பதிலைக் கடைக்கு அனுப்ப வேண்டாம். வீட்டுக்கே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெயரை முன்னால் போட்டு எழுதுகிறவள்

பி.கு.: உறை மேல் இருக்கும் முகவரி நான் எழுதியது இல்லை. என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதாம், தபால்காரருக்குப் புரியாதாம். "கொடு இப்படி" என்று வாங்கி, அம்மாவே எழுதிக் கொடுத்தாள்.