வாலில்லாத சாத்தான்

என் செல்லச் சிட்டுவுக்கு அம்மா எழுதுறேன். அப்பாவோட முட்டிவலியும் என் தையல் மெஷினோட கடகடப்பும் தவிர இந்த வீட்டுல எல்லாம் சுகம், அங்க நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கணும்னு கர்த்தரை நச்சரிச்சுக்கிட்டே இருக்கேன். போன்ல கேட்டா நல்லா இருக்கேம்மான்னு சொல்லிட்டு டக்குன்னு வச்சிடுற, அதான் கடுதாசி, இதைப் பாதியில வைக்க முடியாது பாரு. போன தடவை மட்டும் உன்னையறியாம ஒண்ணு சொல்லிட்ட. வயித்துல இருந்த பிள்ளை தங்காமப் போனதுக்கு நான்தாம்மா காரணம்னும், சாத்தானுக்கு எங்கயோ கதவு திறந்து விட்டதோட பலன்தான் இதுன்னு ஜெபக்கூட்டத்து அக்கா சொன்னாங்கன்னும். யார் மேலயும் தப்பில்லைன்னு டாக்டரே சொன்ன பிறகு இது என்ன பேச்சுன்னு நான் கேக்கிறதுக்குள்ள நீ போனை வச்சிட்ட. இப்ப சொல்றேன், கேளு.

நம்ம சபையில, ஒரு தப்பும் பண்ணாமலே பிள்ளைங்க சொத்து சுகம் எல்லாம் இழந்த யோபு கதையை நாடகமா போட்டாங்க. உடுப்பு தைக்கிற வேலையை ஞாயிறு பள்ளி டீச்சர் என் தலையில கட்டிட்டா. யோபு உங்கப்பா, சாத்தான் நம்ம பல் டாக்டர், அவரைக் கண்டாலே பிள்ளைங்க வாயை மூடிக்கும், தனியா மேக்கப்பே வேண்டாம். நானும் சிவப்புத் துணியில கொம்பு, உள்ளே கம்பி வச்சுப் பஞ்சு அடைச்ச வால்னு ஆசை ஆசையா தைச்சு முடிச்சேன். ஒத்திகையில பார்த்தா பரலோக சபை காட்சியாம், தூதர்களோட சாத்தானும் பெஞ்சுல உட்காரணுமாம், வால் விடவே இல்லை. மனுஷன் இப்படித் திரும்பி அப்படித் திரும்பி, பக்கத்துல இருந்த தூதர் கன்னத்துல பளார்னு ஒண்ணு விழுந்துச்சு. போதகர் சிரிச்சு ஓய்ஞ்சுட்டு என்கிட்ட, அக்கா, வேதத்துல எங்கயும் அவனுக்குக் கொம்பும் வாலும் கிடையாது, அதெல்லாம் பின்னாடி படம் வரைஞ்சவங்க ஒட்டினதுன்னார்.

அப்ப அவன் யாருய்யான்னு கேட்டேன். பழைய எபிரெய மொழியில அந்தப் பேருக்கு எதிராளி, குற்றம் சாட்டுறவன்னு அர்த்தமாம். யோபு கதையில அவன் ஆண்டவர் முன்னாடி வந்து நின்னு, இவன் நல்லவன் மாதிரி இருக்கிறதெல்லாம் சும்மா, கொடுத்ததைப் பிடுங்கிப் பாருங்கன்னு கோள் மூட்டுறவன். ஏதேன் தோட்டத்துப் பாம்புக்குக்கூட அந்த இடத்துல சாத்தான்னு பேர் இல்லையாம், அந்தப் பாம்புதான் சாத்தான்னு பிற்பாடு சொன்னதாம். பெருமை பிடிச்சு வானத்துல இருந்து விழுந்த விடிவெள்ளி இவன்தான்கிறதும் முதல்ல ஒரு ராஜாவைப் பத்திப் பாடினது, பெரியவங்க அதுல இவன் கதையையும் பார்த்தாங்கன்னார். வேதத்தோட கடைசிப் புத்தகத்துலயும் ராத்திரி பகலா நம்மளைக் குத்தம் சொல்றவன்னுதான் இருக்காம். ஆனா நமக்காகப் பரிஞ்சு பேசறவர் ஒருத்தர் ஆண்டவர் பக்கத்துலயே இருக்கார்க்கா, அதை மறந்துடாதீங்கன்னு சொன்னார். எனக்கு உன் ஞாபகம்தான் வந்துச்சு கண்ணு. அப்புறமென்ன, வாலைப் பிரிச்சுட்டு வக்கீல் மாதிரி ஒரு கறுப்புக் கோட்டு தைச்சுக் கொடுத்தேன். பஞ்சு வீணாகலை, உங்கப்பா தலையணைக்குள்ள போயிடுச்சு.

நாடகத்தன்னிக்கு நான் ஊசியும் நூலுமா மேடை ஓரத்துல நிக்கிறேன். பிள்ளைங்களை எல்லாம் பறிகொடுத்துட்டு, உடம்பெல்லாம் சிவப்புச் சாயப் புண்ணோட உங்கப்பா குந்தியிருக்கார். இந்தப் பல் டாக்டர் கோட்டை இழுத்து விட்டுக்கிட்டு விரலை நீட்டி, இவன் உத்தமன் இல்லை, எல்லாம் வேஷம்னு அடுக்கிக்கிட்டே போறார். எனக்கு அந்த விரல் உன்னை நோக்கி நீட்டின மாதிரி இருந்துச்சு. என்னை மீறி, போதும் நிறுத்துடா, பெத்தவ நான் சொல்றேன், எம்பொண்ணு ஒரு தப்பும் பண்ணலைன்னு கத்திட்டேன்டி! சபையே என்னைத் திரும்பிப் பார்க்குது. டாக்டர் வசனம் மறந்து பொத்துனு பெஞ்சுல உட்கார்ந்துட்டார். டீச்சர் என்னை முறைச்ச முறைப்புல எரிஞ்சு போயிருப்பேன். முன்வரிசைக்காரங்களுக்கு என்ன காதுல விழுந்ததோ, புருஷன்னா இவளுக்கு உயிர்னு பேசிக்கிட்டாங்களாம், பேசட்டும். வீட்டுக்கு நடக்கும்போது உங்கப்பா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, இதை அவளுக்கு எழுதிடுன்னார்.

அந்த ஜெபக்கூட்டத்து அக்கா கெட்டவங்கன்னு நான் சொல்லலை. யோபுவோட சிநேகிதக்காரங்களும் நல்லவங்கதான், நீ ஏதோ தப்பு பண்ணியிருப்பேன்னு பக்கம் பக்கமா பேசினாங்க, கடைசியில ஆண்டவர் கோவிச்சுக்கிட்டது அவங்களைத்தான். பிள்ளைக்காக நீ அழணும்னா அழு, நானும் இங்க அழுதுக்கிட்டுதான் இருக்கேன். ஆனா நீதான் காரணம்னு உள்ளுக்குள்ள அந்தக் குரல் மறுபடி வந்துச்சுன்னா அதை மனசாட்சின்னு நினைச்சுக்காதே. உங்கம்மா போட்ட ஒரு அதட்டுக்கு வசனம் மறந்து உட்கார்ந்தவன் அவன்.

கர்த்தர் உன்னை உள்ளங்கையில வச்சுத் தாங்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு டாக்டர்கிட்ட கேட்டு ஒழுங்கா போடு. மாப்பிள்ளையையும் கொஞ்சம் அழ விடு, ஆம்பளைன்னு அடக்கிக்கிட்டு இருப்பார் பாவம்.

என்னைக் கேக்காம முடியை வெட்டினதைத் தவிர வேற எதுக்கும் உன்னைக் குத்தம் சொல்லாத,
உன் அம்மா