எலும்புக்குப் பதினாலு வயது

கொழும்பு,
2005 மார்ச் 6

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி என்று மறக்காமல் எழுதுங்கள்.

தேசிய ஜிம்னாஸ்டிக் போட்டியில் இந்த முறையும் நான்தான் முதல். பீம் கட்டை மேல் நடக்கையில் ஒரு தடவை ஆடிப்போனேன், விழவில்லை. ஜூலையில் பாங்கொக்கில் நடக்கும் போட்டிக்கு என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள். இலங்கையிலிருந்து ஒரே ஒரு பெண் பிள்ளை, அதுவும் நம்ம மேல்கணக்குத் தோட்டத்துப் பிள்ளை. லயத்து வீடுகளில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

ஒரு வேடிக்கை. இந்த வருஷத்துக்குள் பதினாறு முடிகிறவர்களைத்தான் எடுப்பார்கள். அதற்குக் குறைந்தால் எலும்பு முற்றியிருக்காதாம், அடிபட்டால் வளர்ச்சியே கெட்டுவிடுமாம். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டொக்டர், "பிள்ளைக்குப் பதினாறு, எலும்புக்குப் பதினாலு" என்று சிரித்தார். தோட்டத்துச் சாப்பாடு அப்படி என்று நானும் சிரித்தேன். எங்கள் பயிற்சி மிஸ் அன்றிலிருந்து என்னைப் "பொடி நங்கி", சின்னத் தங்கச்சி, என்றுதான் சிங்களத்தில் கூப்பிடுகிறார்.

பாஸ்போர்ட்டுக்கு என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். பிரதி போதாது. பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

உங்கள் மகள்
கலைச்செல்வி


மேல்கணக்கு, ஓப்பநாயக்க,
2005 மார்ச் 27

அன்பு மகள் செல்விக்கு அப்பா காத்தமுத்து எழுதுவது.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் உன் கடிதத்தை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். கங்காணி கூடக் கைதட்டினார். உங்கம்மா பெல்மதுளைக்குப் போய் உனக்குப் பயணப் பை வாங்கி வந்துவிட்டாள். கடைக்கார ஸம்சுதீன் நானா, "சாம்பியன் புள்ளைக்கா, பெருசாவே எடுங்க" என்றாராம்.

மழை விட்டபாடில்லை, கொழுந்து நிறைய. அம்மாவின் கால் பரவாயில்லை. பத்திர விஷயம் பார்க்கிறேன், அவசரப்படாதே. மணிக்கட்டை நன்றாகக் கட்டிக்கொண்டு பழகு.

உன் அப்பா


கொழும்பு,
2005 ஏப்ரல் 20

அன்புள்ள அப்பா,

வருஷப் பிறப்புக்கு அனுப்பிய முறுக்கு வந்தது. பத்திரம் வரவில்லை. மிஸ் மூன்று தரம் கேட்டுவிட்டார். மே பத்து கடைசித் தேதி.

முறுக்கைப் பார்சல் கட்ட நேரமிருக்கிறது, ஒரு காகிதத்தை உறையில் போட நேரமில்லையா? ஆறு வருஷமாக நான் விடியற்காலையில் எழும்பி ஓடியது இதற்குத்தான். என்னைத் தனியாக வெளிநாட்டுக்கு அனுப்பப் பயமென்றால் நேராகச் சொல்லுங்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் முறுக்கு நன்றாயிருந்தது, அம்மாவிடம் சொல்லுங்கள்.

செல்வி


மேல்கணக்கு,
2005 ஏப்ரல் 28

செல்வி, தாயி,

பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதை யாரிடமும் கொடுக்குமுன் இதை முழுக்கப் படி. அது உன்னுடையது இல்லை.

உனக்கு முந்தி எங்களுக்கு ஒரு பெண் பிள்ளை. எண்பத்தொன்பது மார்ச்சில் பிறந்தாள். கலைச்செல்வி என்று பதிந்தோம். ஏழு மாதக் குழந்தையாக வயிற்றோட்டத்தில் போய்விட்டாள். உங்கம்மா அழவே இல்லை. தொண்ணூற்றொன்று ஜனவரி ஒன்பதாம் தேதி நீ பிறந்தாய். உன்னைக் கையில் வாங்கியதும், "எம்புள்ள திரும்பி வந்திருச்சுங்க" என்றாள். அந்தப் பேரையே சொல்லிக் கூப்பிட்டாள்.

தோட்டத்துப் பெரிய கிளாக்கர் உன் பிறப்பைப் பதியச் சொன்னார். "அதான் பதிஞ்சிருக்கே, ஒரு புள்ளைய எத்தன தடவ பதிவாங்க" என்று உங்கம்மா என்னைப் போகவிடவில்லை. வற்புறுத்தினால் உடைந்துபோவாளோ என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு பள்ளிக்கூடத்தில் பத்திரம் கேட்டார்கள், அவளுடையதையே கொடுத்தேன். நாலு வயதுப் பிள்ளையை ஆறு வயதுப் பிள்ளைகளோடு உட்காரவைத்துவிட்டு வந்த பாவி நான்.

டொக்டர் சொன்னதுதான் சரி. உனக்குப் பதினாலு. அடிபட்டால் வளர்ச்சி கெட்டுவிடும் என்று நீ எழுதிய வரி என் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. இதைக் காட்டிப் போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை, நாங்கள் வாய் திறக்க மாட்டோம். போகாமல் நின்றால், நீ பட்ட பாட்டையெல்லாம் கெடுத்தவன் நான். எதுவானாலும் உன் இஷ்டம். திட்டுவதென்றால் என்னைத் திட்டு, அம்மாவை ஒன்றும் சொல்லாதே.

அப்பா


மேல்கணக்கு,
2005 ஜூன் 12

செல்வி,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. விடுதிக்குப் போன் எடுத்தால் பயிற்சியில் இருக்கிறாய் என்கிறார்கள். போகிறாயா இல்லையா என்று நான் கேட்கவில்லை. சுகமாக இருக்கிறேன் என்று ஒரு வரி போடு. உங்கம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை.

அப்பா


கொழும்பு,
2005 ஜூன் 30

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் போகவில்லை. எனக்குப் பதிலாகக் கண்டிப் பிள்ளை ஒருத்தி போகிறாள்.

முதலில் ஒன்றும் சொல்லாமல் பத்திரத்தை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் மேல் அப்படி ஒரு கோபம், அதனால்தான் இத்தனை நாள் எழுதவும் இல்லை. போய்த்தான் தீருவேன் என்று ஒரு கிழமை, ஏழு நாளும், இருந்தேன். அப்புறம் ஒருநாள் பதினாலு வயதுப் பிள்ளைகள் பழகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் இப்போதுதான் தொடங்குவதை நான் எப்போதோ முடித்துவிட்டேன்.

அப்பா, இத்தனை வருஷமாக நான் எல்லாவற்றிலும் மட்டம் என்றே நினைத்திருந்தேன். வகுப்பில் எழுத்து வராமல் நின்றேன். விடுதிக்கு வந்த புதிதில் போர்வைக்குள் அழுவேன். பத்து வயதுப் பிள்ளை இப்படியா அழும் என்று சிரிப்பார்கள். பத்து இல்லை, எட்டு. நான் மக்கு இல்லை அப்பா, சின்னவள்.

இனி என் சொந்த வயதிலேயே இருக்க வேண்டும் போலிருந்தது, அன்றைக்கே மிஸ்ஸிடம் எல்லாம் சொன்னேன். ஏசினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என் பழைய பதக்கங்களை என்ன செய்வதென்று கூட்டம் வைக்கிறார்களாம். இரண்டு வருஷம் கழித்து இப்படி ஒரு இடம் வருமோ தெரியாது. அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது, உங்களிடம் மறைப்பானேன்.

முதலில் அக்காவின் இறப்பைப் பதிய வேண்டுமாம், பிறகுதான் என் பிறப்பை. இரண்டுக்கும் அம்மா கைநாட்டு வைக்க வேண்டும். அன்றைக்கு அம்மா அழுதால் தடுக்காதீர்கள். எனக்கு இந்தப் பேரே இருக்கட்டும், பழகிவிட்டது. தேதியை மட்டும் என்னுடையதாகப் போடுங்கள்.

இதையெல்லாம் முடித்த கையோடு அம்மாவைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். இரண்டு நாள் விடுதியில் தங்கலாம், கேட்டுவிட்டேன். பதினாறு வயதுக்காரி இப்படிக் கேட்க மாட்டாள். எனக்கு அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்க வேண்டும்.

உங்கள் இரண்டாவது மகள்
கலைச்செல்வி