ஒற்றை ஜால்ரா

அடி அண்ணாமலை
ஆடி, 1981

கோபித்துக்கொண்டு போனவளுக்கு,

இதை நானே எழுதுகிறேன். முதியோர் பள்ளியில் கற்ற எழுத்து. ஒரு வரி முடிவதற்குள் ஒரு வெற்றிலை தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் என் கையெழுத்து, பார்!

நீ மகள் சரோஜா வீட்டுக்குப் போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஜோடி ஜால்ராவின் கயிற்றை அறுத்து, ஒன்றை மட்டும் ஏன் எடுத்துப் போனாய்? "இந்தச் சத்தத்தோட நீங்களே குடித்தனம் பண்ணுங்க" என்றாயே, இப்போது சத்தமும் இல்லை.

பஜனையில் கோதண்டராமன், "ஒத்த ஜால்ராவ வெச்சிக்கினு இன்னா பண்ணுவ மாமா? இத ஆட்டு" என்று, ஆசிரமத்து வெள்ளைக்காரர் தந்ததைக் கையில் திணித்துவிட்டான். இரண்டு குட்டிச் சுரைக்காய், உள்ளே விதை. பெயர் மரக்காஸாம். தாளம் ஒரு பக்கம் போகிறது, விதை ஒரு பக்கம் போகிறது. எதிர்வீட்டு ராஜம்மாள், "மாமாவுக்குப் பல்லு மொளைக்குது, கிலுகிலுப்ப ஆட்டறாரு!" என்று தெருவையே கூட்டிவிட்டாள்.

இதைச் சரோஜாதான் உனக்குப் படித்துக் காட்டுவாள். அதனால் மற்றதை எழுதவில்லை.

பௌர்ணமிக்குள் அந்த இன்னொன்று எனக்கு வேண்டும். மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பாதே, பஸ்ஸில் தொலைத்துவிடுவார். நீயே கொண்டு வா.

இப்படிக்கு,
உன்னால் கிலுகிலுப்பை ஆட்டுகிறவன்